துருப்பிடிக்க மறுத்த பம்பர்

ஓய்வு பெற்ற பதினாறாம் நாள் காலையில் ஈஸ்வரபாண்டி, இனி இந்த ஜென்மத்தில் தேங்காய் துருவுவதில்லை என்று சபதம் எடுத்தார். மனசுக்குள்தான் எடுத்தார். வாய்விட்டு எடுக்கிற வசதியெல்லாம் அவர் வீட்டில் கிடையாது.

அதற்கு முன்னால் முப்பத்து நாலு வருஷம் தேனியில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். ‘வேலை பார்த்தார்’ என்று சொல்லலாம்தான். ஆனால் உட்கார்ந்திருந்தார் என்பதை அவரே மறுக்க மாட்டார். கடைசி ஒன்பது வருஷம் கண்காணிப்பாளர். தலைக்கு மேல் ஃபேன், பதினொரு மணிக்கு டீ, மூன்றரைக்கு வடை. உள்ளே நுழைந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். இப்போது அவர்தான் நிற்கிறார். ரேஷன் கடையில் நிற்கிறார். மாவு மில்லில் நிற்கிறார். சிலிண்டர் வண்டி வரும்வரை வாசலில் நிற்கிறார்.

இது போதாதென்று அவர் மனைவி மகாலட்சுமியின் தங்கை மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. ஆவணியில் முகூர்த்தம். தங்கை புருஷன் பட்டாளத்தில், பனி மலைப் பக்கம் எங்கேயோ துப்பாக்கியோடு பத்திரமாக இருந்தார். ஆகவே மண்டபம், சமையல்காரர், சீர்வரிசை எல்லாம் பெரிய மாப்பிள்ளை ஈஸ்வரபாண்டியின் தலையில்தான் இறங்கும் என்று தெரிந்தது. அதில் அவருக்குக் குலைநடுக்கம் கொடுத்தது பத்திரிகை வைக்கிற வேலை. போடியில் ஆரம்பித்துக் கம்பம் வரைக்கும் இருநூற்றுச் சொச்சம் வீடு. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் காப்பி குடிக்க வேண்டும். ‘மாப்ள என்ன வேல பாக்குறாரு?’ என்ற கேள்விக்கு இருநூறு தடவை ஒரே பதிலை, முதல் தடவை சொல்வதுபோலச் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும்.

“என்னங்க, இந்த ரெண்டு மூடியையும் துருவித் தாங்க” என்று மகாலட்சுமி அடுப்படியில் இருந்து கூப்பிட்டபோதுதான் சபதம் பிறந்தது. சபதத்தோடு எழுந்து போய் இரண்டு மூடியையும் துருவினார். துருவிக்கொண்டிருக்கும்போதே வாசலில் டெம்போ வந்து நின்றது.

டெம்போவின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துவரப்பட்டிருந்தது ஒரு ஜீப்.

அது ஈஸ்வரபாண்டியின் மாமனாருடைய ஜீப். அவருக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். கொடிக்கு அடிக்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்துத் தண்ணீரை டிரம் டிரம்மாக இருபது வருஷம் அந்த ஜீப்பில்தான் ஏற்றினார். மருந்து திராட்சையைக் காப்பாற்றிவிட்டு ஜீப்பைத் தின்றுவிட்டது. அவர் காலமான பிறகு ஆறு வருஷம் அது வேப்பமரத்தடியில் கோழி அடையும் இடமாக இருந்தது. இப்போது மச்சான் வீரபாண்டி, ‘அப்பா ஜீப்பு அக்காவுக்குத்தான்’ என்று அனுப்பி வைத்திருந்தான்.

கூடவே வந்த மெக்கானிக் சுருளியாண்டி ஜீப்பைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

“இஞ்சின் நல்லா இருக்குங்கய்யா. பாடியவும் நான் பாத்துக்கிறேன். ஆனா கழட்டுற சாமான் இருக்கு பாருங்க, பம்பரு, கதவு கீலு, வீல் ரிம்மு, படிச்சட்டம், அதெல்லாம் ஒவ்வொண்ணா உக்காந்து துரு எடுக்கணும். அது பொறுமையான வேல. எம் பயலுகளுக்கு அம்புட்டுப் பொறுமை கெடையாது.”

ஈஸ்வரபாண்டியின் காதில் ‘உட்கார்ந்து’ என்ற சொல் மட்டும் மணி அடித்தமாதிரி விழுந்தது.

“துருவ நான் எடுக்குறேன்” என்றார்.

மகாலட்சுமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்களா?”

“நானேதான். உங்கப்பா வண்டி. வேற எவன் கையும் படக்கூடாது. மாடியில வச்சு நானே துரு எடுக்கப் போறேன். முடியிற வரைக்கும் என்னைய வேற எதுக்கும் கூப்பிடக்கூடாது.”

“தேங்காய்க்கு?”

“துரு எடுக்குறவன் எப்படித் துருவ முடியும்?”

மகாலட்சுமி, “சரி, உங்க இஷ்டம்” என்று உள்ளே போய்விட்டாள். கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது இதுதான் முதல் தடவை. அதைப் பற்றி அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

ஜீப் சுருளியாண்டியின் பட்டறைக்குப் போனது; கழற்றிய சாமான்கள் தோளிலும் சாக்கிலுமாக மாடிக்கு வந்தன. மொத்தம் முப்பத்தேழு உருப்படி. தகரக் கொட்டகைக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, கம்பி பிரஷ், கையுறை, ஒரு சாய்வு நாற்காலி. செல்போனில் வீடியோ பார்த்துப் பாடம் படித்தார். லெமன் சால்ட்டை வெந்நீரில் கரைத்து இரும்பை ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டும். காலையில் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். சோடா உப்புத் தண்ணீரில் அலச வேண்டும். வீடியோ பதினாலு நிமிஷம். பதிமூன்றாவது நிமிஷத்தில் அவர் தூங்கிவிட்டார்.

ஆனாலும் மந்திரம் பலித்தது. மறுநாள் காலை முன்பக்கத்து பம்பரைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தேய்த்தபோது, கறுப்புச் சேறாகத் துரு கழன்று ஓடி, உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று இரும்பு எட்டிப் பார்த்தது. ஈஸ்வரபாண்டிக்கே கண் கலங்கிவிட்டது. முப்பத்து நாலு வருஷ சர்வீஸையும் சேர்த்து அவர் கையால் ஒரு காரியம் முடிந்தது என்றால் இதுதான். மகாலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த சந்தனம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் புருஷன் சண்முகராஜ், அவரும் ஓய்வு பெற்றவர்தான், கையில் சந்தைப் பையோடு பொறாமையோடு பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பிடித்த சாரல் ராத்திரி முழுக்க விடவில்லை. மறுநாள் விடிந்ததும் மாடிக்குப் போனால், பம்பர் மாம்பழ நிறத்தில் இருந்தது. மேலே மஞ்சளும் சிவப்புமாகப் புதுத்துரு பூத்திருந்தது.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காப்பியோடு மேலே வந்த மகாலட்சுமியும் பார்த்தாள்.

“அடப் பாவமே. நேத்து எடுத்த துருவா இது?”

“அது பழசு. இது புதுசு.”

“அப்ப மறுபடியும் மொதல்ல இருந்து எடுக்கணுமா?”

“எடுக்கணும்.”

“சரி, நீங்க இதப் பாருங்க. நான் தங்கச்சியக் கூட்டிக்கிட்டு மண்டபம் பாத்துட்டு வந்துர்றேன். உங்களுக்குத்தான் வேல கெடக்கே.”

அவள் படியிறங்கிப் போனாள். ஈஸ்வரபாண்டி பம்பரைப் பார்த்தார். பம்பர் அவரைப் பார்த்தது. மெதுவாக, மிக மெதுவாக, அவர் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. துரு இருக்கிறவரை வேலை இருக்கிறது. வேலை இருக்கிறவரை வேலை இல்லை!

தூங்கிப்போன அந்த வீடியோவின் கடைசி நிமிஷத்தை அன்றைக்குத்தான் போட்டுப் பார்த்தார். ‘அலசியவுடன் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் மறுபடியும் துருப்பிடிக்கும். உப்புக் காற்று பட்டால் இன்னும் சீக்கிரம்’ என்றான் அதில் வந்த பையன். எச்சரிக்கையாகத்தான் சொன்னான். ஈஸ்வரபாண்டி அதை உபதேசமாக எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வாழ்க்கை ஒரு ஒழுங்குக்கு வந்தது. காலை பத்து மணிக்கு மாடி ஏறி, கீழே கேட்கும்படி அரை மணி நேரம் பிரஷ் போடுவார். பிறகு பேப்பர். பிறகு சாய்வு நாற்காலியில் ஒரு தூக்கம். பன்னிரண்டரைக்கு இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சாப்பிட இறங்குவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு, இஸ்திரி போடும்போது துணியில் தண்ணீர் தெளிக்கிற குப்பியில் கல் உப்பைக் கரைத்து, பளபளக்கிற இரும்பின் மேலெல்லாம் ரோஜாச் செடிக்குத் தெளிப்பதுபோல அன்பாகத் தெளிப்பார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சண்முகராஜோடு டீக்கடைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வருவார். காலையில் போனால் துரு தயாராக இருக்கும்.

“உங்களுக்கென்னண்ணே, குடுத்து வச்சவரு” என்பார் சண்முகராஜ். “எங்க வீட்டுல துருப்புடிச்ச ஒரு சாமான் கெடையாது. எல்லாத்தையும் எவர்சில்வரா வாங்கித் தொலைச்சிட்டேன்.”

மண்டபம் முடிவானது. ஈஸ்வரபாண்டி மாடியில் இருந்தார். பட்டுச் சேலை எடுக்க எல்லாரும் மதுரைக்குப் போனார்கள். ஈஸ்வரபாண்டி மாடியில் இருந்தார். சமையல்காரரோடு பேச்சு முற்றிச் சண்டையாகி, மறுபடியும் சமாதானமானது. அந்தச் சத்தம் மாடிக்கு வந்தபோது அவர் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்போது மகாலட்சுமி கேட்டாள்.

“என்னங்க, டாக்டரு உங்களுக்கு பிரஷரு, உப்பக் குறைங்கன்னாருல்ல?”

“ஆமா.”

“கொழம்புல குறைச்சுட்டேன். பொரியல்ல குறைச்சுட்டேன். ஆனா உப்பு ஜாடி மட்டும் வாரத்துக்கு ஒருக்கா காலியாகுதே, எப்படி?”

ஈஸ்வரபாண்டிக்குச் சோறு விக்கியது.

“எறும்பா இருக்கும்.”

“எறும்பு சர்க்கரைக்குல்லங்க வரும்?”

“சர்க்கர வியாதி வந்த எறும்பா இருக்கும்.”

“ஓஹோ” என்றாள் மகாலட்சுமி. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். அதற்குமேல் துருவிக் கேட்கவில்லை.

அடுத்த நாள்தான் விபரீதம் ஆரம்பித்தது.

காலையில் மாடிக்குப் போனார். பம்பரில் துரு இல்லை. ரிம்மில் இல்லை. முப்பத்தேழு உருப்படியிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை. புதுப் பாத்திரக் கடைபோலக் கொட்டகையே மின்னியது. சரி, நேற்று உப்பு குறைந்துவிட்டது போலும் என்று அன்றைக்கு இரண்டு கை கூடுதலாகப் போட்டுத் தெளித்தார். மறுநாளும் மினுமினுப்பு. அதற்கு மறுநாள் உப்போடு வினிகரும் சேர்த்தார். இரும்பு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பளபளத்தது. தெளித்த தண்ணீர், சேப்பங்கிழங்கு இலையில் விழுந்ததுபோல முத்து முத்தாக உருண்டு ஓடியது.

தொட்டுப் பார்த்தார். வழவழப்பாக இருந்தது. ‘நம்ம கைராசி அப்படி. இம்புட்டுச் சுத்தமா எடுத்தா துரு எங்கேருந்து வரும்?’ என்று ஒரு பக்கம் பெருமையாக இருந்தது. இன்னொரு பக்கம் காலண்டர் பயமுறுத்தியது. ஆனி முடிந்து ஆடியும் பாதி போய்விட்டது. பத்திரிகை அச்சாகி வந்து பூஜை அறையில் கட்டுக்கட்டாக இருந்தது. இந்த நேரம் பார்த்தா இரும்பு நல்ல புத்தி பெற வேண்டும்?

யாரிடமும் சொல்லவும் முடியாது. துரு எடுக்கிறவன், ‘ஐயோ துரு வரவில்லையே’ என்று எங்கே போய் அழுவான்? கடைசியில் துணிந்து கம்பம் ரோட்டில் இருந்த சுருளியாண்டியின் பட்டறைக்குப் போனார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சுருளி, இரும்புல துரு வரணும்னா என்னப்பா செய்யணும்?”

சுருளியாண்டி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“வராம இருக்கவாங்கய்யா?”

“இல்லப்பா. வர்றதுக்கு.”

“நாப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். துரு போகணும்னுதான் எல்லாரும் வந்திருக்காக. வரணும்னு வந்த மொத ஆளு நீங்கதான்.”

“சும்மா ஒரு பொது அறிவுக்குத்தான்.”

“அப்படியா? போன வாரம் இங்கன ஒரு அம்மா வந்து, துரு வராம இருக்க என்ன பூசணும்னு கேட்டுட்டுப் போனாக. நல்ல தண்ணியில உப்பு போகக் கழுவி, துடைச்சு, மிசின் எண்ணெயத் துணியில தொட்டு லேசாத் தடவிருங்கன்னு சொன்னேன். ரெண்டு டப்பா எண்ணெய் வாங்கிட்டுப் போனாக.”

“புத்தியுள்ள அம்மா” என்றார் ஈஸ்வரபாண்டி. “அவுக வீட்டுக்காரரு யாரோ, குடுத்து வச்சவரு.”

சுருளியாண்டிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. ஜீப்புக்குக் கீழே படுத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருமினார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே சுருளியாண்டி, ஒரு வேலையாளோடு வீட்டு வாசலில் நின்றார். இரண்டு பேரும் மாடியேறினார்கள். முப்பத்தேழு உருப்படியும் படியிறங்கின. ஈஸ்வரபாண்டி பாதி பல் துலக்கிய வாயோடு குறுக்கே ஓடினார்.

“ஏப்பா, ஏப்பா! இன்னும் துரு இருக்குப்பா!”

“எங்கன இருக்கு, காட்டுங்க” என்றாள் பின்னால் நின்ற மகாலட்சுமி.

அவர் பம்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரிம்மைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கீலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு கடுகளவு துருவுக்காக அவர் அப்போது என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பார்.

“ஆத்தாடி, கண்ணாடி கணக்கா எடுத்திருக்கீகளே!” என்று மகாலட்சுமி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். “எங்கப்பா இருந்தா உங்களத் தூக்கி வச்சுக் கொண்டாடிருப்பாரு.”

பாராட்டை மறுக்க முடியவில்லை. ஈஸ்வரபாண்டி பல் தேய்ப்பதை முடிக்கப் போனார்.

ஒரு வாரத்தில் ஜீப் பச்சைப் பெயின்ட்டோடு வந்து நின்றது. மறுநாள் காலை மகாலட்சுமி பட்டுச் சேலையில், மடியில் குங்குமச் சிமிழும் பத்திரிகைப் பையுமாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஈஸ்வரபாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தார். போடியில் பதினோரு வீடு. பதினோரு காப்பி. ‘மாப்ள பேங்குல இருக்காரு’ என்று பதினோரு சிரிப்பு. அங்கிருந்து தேவாரத்துக்குப் போகிற வழியில், சிலமலை தாண்டியதும் மலைக்காற்று முகத்தில் அடித்தது. ஜீப் ஒரு முனகலும் இல்லாமல் ஓடியது. அந்த நிம்மதியில் அவருக்கு வாய் திறந்துவிட்டது.

“மகா, ஒண்ணு கேக்கணும். அந்த இரும்பு...”

“நான்தான் எண்ணெய் போட்டேன்” என்றாள் மகாலட்சுமி, ரோட்டைப் பார்த்தபடியே.

வண்டி லேசாக இடதுபக்கம் போய்த் திரும்பி வந்தது.

“நீங்க உப்பு அடிச்சுட்டு டீக்கடைக்குப் போனதும் மேல வருவேன். எல்லாத்தையும் கழுவித் துடைச்சுத் தடவிட்டு எறங்கிருவேன். மொத நாளு இடுப்பு விட்டுப் போச்சு.”

“எப்பத் தெரியும் உனக்கு?”

“சந்தனம்மாக்கா ஆனி மாசமே சொல்லிட்டாக. ‘என்னடி மகா, ஒன் வீட்டுக்காரரு இரும்புக்கு உப்புக்கண்டம் போடுறாரு’ன்னு. நான்தான், ‘அக்கா, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன், வெளிய சொல்லிராதீக, அவரு நிறுத்திறப் போறாரு’ன்னேன்.”

ஈஸ்வரபாண்டி வண்டியை ஒரு புளியமர நிழலில் ஓரங்கட்டினார். ஓட்டிக்கொண்டே கேட்கிற விஷயமாக அது தெரியவில்லை.

“நிறுத்திறப் போறேன்னா? நான் ஏமாத்துறது தெரிஞ்சுமா விட்ட?”

“பின்ன? ரிட்டயராகி வீட்டுல ஒரு பதினஞ்சு நாளு இருந்தீகளே, ஞாபகமிருக்கா? கடுகு ஏன் இம்புட்டு, கறிவேப்பிலைய ஏன் தூக்கிப் போடுற, தோசைக்கு மாவு பாக்கி எவ்வளவு, நேத்து வச்ச சட்னிக்கு ஏன் இன்னும் முடிவெடுக்கல? அடுப்படி வாசல்ல ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிட்டு என்னைய வச்சு ஆபீஸ் நடத்துனீக. எனக்கு மூச்சு முட்டுச்சு. அப்பத்தான் தம்பிக்குப் போன் போட்டு, அப்பா ஜீப்ப ஒடனே அனுப்புடான்னேன். நீங்க எடுக்குறேன்னு சொல்லாட்டி நானே உங்கள எடுக்கச் சொல்லிருப்பேன். ஒன்றரை மாசம் வீடு அம்புட்டு அமைதியா இருந்துச்சு. பத்திரிகை அச்சாகி வந்துருச்சேன்னுதான் மனசில்லாம எண்ணெயத் தொட்டேன்.”

தான்தான் அவளிடமிருந்து தப்பித்துக்கொண்டிருந்ததாக ஈஸ்வரபாண்டி நினைத்திருந்தார். வண்டியை எடுத்தார். மகாலட்சுமி முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டாள்.

தேவாரத்தில் முதல் வீடு மகாலட்சுமிக்குத் தூரத்து அண்ணன் முறையான விஜய்பாண்டியின் வீடு. ஏலக்காய் வியாபாரி. பத்திரிகையைத் தட்டில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திண்ணையிலேயே காப்பி வந்தது. பிறகு வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்து அசந்துபோய், வெளியே போய்ச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“ஓடைப்பட்டிச் சித்தப்பா ஜீப்பா இது? கோழி அடைஞ்சு கெடந்த வண்டியா? துருவெல்லாம் யாரு எடுத்தா?”

“இவுகதான்” என்றாள் மகாலட்சுமி. “ஒத்த ஆளா எடுத்தாக.”

விஜய்பாண்டி பூரித்துப்போனார். “மாப்ள, உங்க கையக் குடுங்க! நம்ம கொடவுனுக்குப் பின்னாடி பழைய லாரிச் சாமான், டிராக்டர் சாமான்னு மலையாக் குமிஞ்சு கெடக்கு. எவனும் தொட மாட்டேங்குறான். உங்கள மாதிரிப் பொறுமைசாலி ஒருத்தரு கெடச்சா...”

ஈஸ்வரபாண்டி அவசர அவசரமாகத் தலையை ஆட்ட ஆரம்பித்தார். இடுப்பு வலிக்கிறது, மூட்டு வலிக்கிறது, இனிமேல் வீட்டோடு இருந்து மனைவிக்கு ஒத்தாசையாக நாலு தேங்காய் துருவிக்கொடுப்பதாக இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் மகாலட்சுமி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆவலோடு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“எத்தன உருப்படிண்ணே இருக்கும்? ஒரு வருசத்துக்கு வருமா?”